பனிமேல் நின்ற தண்ணீர்

செப்டம்பர் மாதத்து வட துருவம் முழுவதும் நீலமாக இருந்தது. பனி என்று சொல்ல ஒரு வெள்ளைப் பொட்டுகூட இல்லை. கட்டிலில் சம்மணமிட்டு, மடிக்கணினியைத் தலையணைமேல் வைத்திருந்த ஷாமிளா, வேறு கோப்பைத் திறந்துவிட்டோமோ என்று மேலே இருந்த பெயரைப் பார்த்தாள். பெயர் சரிதான். மூடிவிட்டு மறுபடி திறந்தாள். மறுபடியும் நீலம். காலையிலிருந்து அவள் பார்த்த மற்ற கணினி மாதிரிகளில் எல்லாம் கோடை முடிவிலும் துருவத்தின் நடுவே கொஞ்சம் வெள்ளை ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றில் தாராளமாக, ஒன்றில் கிழிந்த துணி மாதிரி. இதில் மட்டும் யாரோ சுத்தமாகத் துடைத்து விட்டிருந்தார்கள். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் தகரக் கூரையில் மழை கொட்டுகிற கொட்டில் கோயில் ஒலிபெருக்கிகூட எங்கோ தூரத்தில் முனகுவதாகத்தான் கேட்டது.

ஷாமிளாவுக்கு என்ன வேலை என்று அந்த லயத்தில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மாமியார் மருதாயி, "எம் மருமக கம்பியூட்டர்ல ஐஸ்கட்டி எண்ணுது" என்று ஒரே போடாகப் போடுவாள். கஹவத்தை டவுனில் த்ரீவீல் ஆட்டோ ஓட்டும் கணவன் கிருஷ்ணகுமாருக்கு வாய் இன்னும் கொஞ்சம் நீளம். "ஒரு லட்சம் வருசத்துக்கு முந்தி வெயில் அடிச்சிச்சான்னு எங்க வீட்டம்மா புட்டுப் புட்டு வைக்கும். நாளைக்கு மழ பேயுமான்னு கேட்டா மட்டும் தெரியாதுங்கும்" என்று ஸ்டாண்டில் சொல்லிச் சிரிப்பான். இரண்டு பேர் சொல்வதும் பொய்யில்லை. இரண்டு பனியுகங்களுக்கு நடுவே, இன்றைக்கு ஒரு லட்சத்து இருபத்தேழாயிரம் வருடங்களுக்கு முன்னால், பூமி சூரியனைப் பார்த்துச் சாய்ந்திருந்த விதத்தால் வடக்கே கோடை கடுமையாக இருந்தது. அப்போது துருவக் கடலில் பனி மிஞ்சியதா, உருகிப் போனதா? பார்த்தவர் யாருமில்லை. அதனால் உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் ஆய்வாளர்கள் தங்கள் தங்கள் கணினி மாதிரிகளுக்கு அந்தப் பழைய வெயிலைக் கொடுத்து ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பதில் சொல்கிறது. அந்தப் பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் ஷாமிளாவின் வேலை. அவள் படித்த பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருக்கும் பஹ்மா, பெல்மதுளைக்காரி, அதை வீட்டிலிருந்தே செய்யும்படி வாங்கிக் கொடுத்திருந்தாள்.

லயத்தில் சிக்னல் கிடைக்காது; கோப்புகளைக்கூட டவுனில் இறக்கிக்கொண்டு வந்துதான் பார்ப்பாள். பஹ்மாவிடம் பேச வேண்டுமென்றால் லயத்துக்குப் பின்னால் செங்குத்தாக எழும் தேயிலை மலையில் பாதி தூரமாவது ஏற வேண்டும். மழை சற்றுத் தணிந்ததும் ஷாமிளா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். படிக்கட்டுகள் மாதிரி வெட்டியிருந்த பாதையெல்லாம் சேறு. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வழக்கமாகப் பேசும் கற்பாறையில் ஏறி நின்றாள்.

"மிஸ், ஒரு ஓட்டத்துல பனியே இல்லீங்க. ஒன்னுமே இல்ல. ஏதும் பிழையா?"

"பிழை இல்ல ஷாமிளா" என்றாள் பஹ்மா. "அந்த மொடல்ல குட்டை சேத்தீக்காங்க. மத்ததுகள்ல அப்பிடிச் சேக்கல்ல."

"என்னா குட்டைங்க?"

"பனிக்கு மேல நிக்கிற தண்ணி. கோடை தொடங்கக்குள்ள மேலால ஈக்கிற பனித்தூள் கரைஞ்சி, பள்ளம் பள்ளமா தேங்கும். கணுக்கால் அளவு ஈக்கும், சில இடத்துல முழங்கால். வெள்ளைப் பனி எண்டா வெயிலத் திருப்பி அனுப்பிரும். தண்ணி கறுப்பு, அது வெயிலக் குடிச்சிரும். குடிச்சிக் குடிச்சி அடியில ஈக்கிற பனியத் திண்டுட்டுப் போகும்."

"அவ்வளவு சின்ன விஷயத்தாலயா?"

"அது மட்டுந்தான் எண்டு செல்ல ஏலாது. ஆனா அது பெரிய பங்கு. சின்னது எண்டு நெனச்சித்தான் மத்தவங்க விட்டிருப்பாங்க."

"அப்ப எது சரிங்க மிஸ்? பனி இருந்திச்சா, இல்லையா?"

பஹ்மா என்னவோ சொல்லத் தொடங்கினாள். கடலடி மண், உறுதியில்லை என்று இரண்டு வார்த்தை காதில் விழுந்தது. பிறகு அழைப்பு அறுந்தது.

ஷாமிளா போனைப் பைக்குள் வைத்துவிட்டு இறங்கத் திரும்பினாள். அப்போதுதான் மலையைப் பார்த்தாள். தினமும் பார்க்கிற மலைதான். தேயிலை நிரைகளுக்கு நடுவே குறுக்கே ஓடும் கான்கள், மழைத்தண்ணீரைப் பக்கவாட்டில் கொண்டுபோய் ஓடையில் விடுவதற்காக அந்தக் காலத்தில் வெட்டியவை. இப்போது கான் வெட்ட ஆளில்லை. இருக்கிற ஆட்கள் கொழுந்து பறிக்கவே போதவில்லை என்று தோட்டத்தில் அந்த வேலையை விட்டுப் பல வருடம் ஆகிறது. கான்கள் மண் தூர்ந்து, தண்ணீர் போக வழியில்லாமல், செடிகளுக்கு அடியில் பள்ளம் பள்ளமாகத் தேங்கி நின்றது. மேலே பார்த்தாள், அங்கும் நின்றது. இடது பக்கம் பார்த்தாள், அங்கும். மங்கலான வெளிச்சத்தில் மலை முழுக்கச் சின்னச் சின்னதாகக் கறுப்புத் தண்ணீர்.

ஒரு குட்டையில் கால் வைத்தாள். கணுக்கால் அளவு. அதன் நடுவில் ஒரு பழுத்த இலை மெதுவாக வட்டமடித்தது. காற்று இல்லை. இலை வட்டமடித்து வட்டமடித்து, நடுவுக்கு வந்து, உள்ளே போய்விட்டது. தண்ணீர் மலைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஷாமிளா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மலையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. மண்ணின் தன்மை, பாறையின் சரிவு எதையும் அவள் படித்ததில்லை. ஆனாலும் காலடியில் இருந்தது கெட்டியான தரை என்ற நம்பிக்கை அந்த நிமிடத்தோடு போய்விட்டது. குடையை மடக்கவும் தோன்றாமல், செடிகளைப் பிடித்துப் பிடித்து, சறுக்கி விழுந்து எழுந்து கீழே ஓடினாள்.

கீழே அவளுக்கு முன்பே செய்தி வந்திருந்தது. கிராம சேவகர் மழைக்கோட்டோடு மோட்டார் சைக்கிளை ஒரு காலால் ஊன்றி நிறுத்தியபடி, இன்ஜினைக்கூட அணைக்காமல் சிங்களத்தில் கத்திக்கொண்டிருந்தார். மண்சரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை. மேல் லயமும் கீழ் லயமும் உடனே காலி செய்ய வேண்டும். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிங்களப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். "ஹரி மஹத்தயா, ஹரி" என்று சிங்களத்திலேயே சரி சொல்லி ஆளாளுக்குத் தலையாட்டினார்கள். அவர் அடுத்த தோட்டத்துக்குப் பறந்தார். பாய், பானை, ஆட்டுக்குட்டி, அடையாள அட்டை வைத்த டப்பா என்று ஜனங்கள் கையில் அகப்பட்டதைக் கட்டத் தொடங்கினார்கள். போன முறையும் சிவப்பு என்றுதான் சொன்னார்கள், ஒன்றும் வரவில்லை, அது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பிள்ளைகுட்டிக்காரர்கள் போய்த்தானே ஆக வேண்டும்.

போக முடியாதவர்கள் கோயிலில் இருந்தார்கள். மாரியம்மன் கோயில் மலையின் அடிவாரத்திலேயே, பின் சுவரை மண்மேட்டில் சாய்த்துக்கொண்டு நின்றது. வருடா வருடம் சித்திரையில் முடிந்துவிடும் திருவிழா. இந்த வருடம் தோட்டத்தில் அடுத்தடுத்து இரண்டு சாவு. தீட்டுக் கழியட்டும் என்று தள்ளித் தள்ளி வைகாசிக் கடைசிக்கு வந்துவிட்டது. வைகாசிக் கடைசியில் இந்தப் பக்கம் வானம் எப்படிக் கொட்டும் என்று தெரியாதவர் யாருமில்லை. நாள் குறித்தபோது அதை யாரும் சொல்லவுமில்லை. வெள்ளிக்கிழமை அம்மன் கையில் காப்புக் கட்டினார்கள். பூசாரி பெரியண்ணனுக்கும், தீச்சட்டியும் கரகமும் எடுக்கிற ஆண்களுக்கும் மஞ்சள் கோர்த்த கயிறு மணிக்கட்டில் ஏறியது. ஏறிவிட்டால், விழா முடிந்து அம்மனுக்கு அவிழ்த்த பிறகுதான் அவர்களுக்கு அவிழும். அதுவரை ஓடையைத் தாண்டக் கூடாது. டவுனுக்கு வேலைக்குப் போவதுகூட இல்லை.

கரகம் எடுப்பவன் கிருஷ்ணகுமார்.

அவன் ஒன்றும் பெரிய பக்திமான் இல்லை. கோயிலுக்கு வந்தால் திருநீறை விடச் சுண்டலைத் தேடுகிற ஆள்தான். ஆனால் போன வருடம் ஷாமிளாவுக்கு டெங்குக் காய்ச்சல் வந்து, இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் இரத்தத்தில் என்னென்னவோ குறைந்துகொண்டே போய், டாக்டர் இவன் முகத்தைப் பார்க்காமல் பேசத் தொடங்கியபோது, வராந்தாவில் நின்று அம்மனுக்குக் கரகம் நேர்ந்துகொண்டான். அடுத்த நாள் ஷாமிளா கஞ்சி கேட்டாள். அதோடு அவனுக்கு மறுபேச்சு இல்லை.

கோயிலுக்குள் வேப்பிலை வாடை. கிருஷ்ணகுமார் மஞ்சள் வேட்டியோடு, கரகச் செம்புக்குப் பூச்சுற்றிக்கொண்டிருந்தான். சேறு அப்பிய பாவாடையோடு வந்து நின்ற மனைவியைப் பார்த்ததும் சிரித்தான்.

"என்னா புள்ள, உருண்டு வந்தியா?"

"ஏங்க, வாங்க போயிருவோம். மேல தண்ணி நிக்குதுங்க. ஓடல, நிக்குது. உள்ளுக்க எறங்குது. நான் பாத்தேன்."

"நீ போ. அம்மாவக் கூட்டிக்கிட்டுப் போ. நான் காப்புக் கட்டியிருக்கேன்ல."

"காப்புக் கட்டுனா மண்ணு பாத்து வருமா?"

பூசாரி பெரியண்ணன் உள்ளேயிருந்து தொண்டையைச் செருமினார். எழுபதைத் தாண்டிய மனிதர். "இந்தா பாரு தாயி, காப்புக்குள்ள இருக்கிறவன் ஓட தாண்டக் கூடாது. அம்மா கட்டுனது, அம்மா பாத்துக்குவா. பொம்பளைங்க, புள்ளைங்கள யாரும் இருக்கச் சொல்லல. நீங்க போங்க" என்றார். அதில் கோபம் இல்லை. பல வருடமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தைகள்.

கிருஷ்ணகுமார் குரலைத் தாழ்த்தினான். "சரி, ஒன் கம்பியூட்டருல பாத்தேன்னியே அந்த ஐஸு. எல்லாக் கம்பியூட்டரும் ஐஸு போயிருச்சுன்னா சொல்லுது?"

"இல்ல. ஒன்னுதான் சுத்தமா போயிருச்சுங்குது. மத்ததெல்லாம் கொஞ்சம் மிச்சம்ங்குது."

"அப்ப நீங்க எத எடுத்துக்குவீங்க?"

"எல்லாத்தையும் கூட்டிப் பிரிச்சு, சராசரி ஒன்னு போடுவோம்."

"அம்புட்டுத்தான். எங்க மலையும் சராசரிக்கு அரவாசி தூரந்தான் வரும். கோயிலுக்கு வந்து சேராது" என்றான். மற்ற ஆண்கள் சிரித்தார்கள். மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் சிரிக்கிற சிரிப்பு, சட்டென்று முடிந்துவிட்டது.

ஷாமிளாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. சராசரிப் பனி எந்தக் கடலிலும் இருந்ததில்லை என்று இவனுக்கு எப்படிச் சொல்வது? இருந்தால் இருந்திருக்கும், போனால் போயிருக்கும். சராசரி என்பது ஆய்வாளர்கள் மேசைமேல் மட்டும் இருக்கிற ஒன்று. குட்டையை விட்டுவிட்டவர்கள் யாரையும் ஏமாற்ற நினைத்தவர்களில்லை. கணுக்கால் தண்ணீர்தானே என்று விட்டார்கள். அவர்கள் கணக்கில் பனி பத்திரமாக இருந்தது. அவளைப் பயமுறுத்தியது அதுதான். கணக்கில் சேர்க்காத ஒன்று கணக்குக்கு வெளியே சும்மா உட்கார்ந்திருக்குமா? போன முறை சிவப்பு எச்சரிக்கையில் மலை வரவில்லை என்கிறார்கள். போன முறை கான்கள் இவ்வளவு தூர்ந்திருந்தனவா என்று யாராவது பார்த்தார்களா? அவளும்தான் பார்க்கவில்லை.

"இந்தக் காப்ப அவுத்துட்டு வாங்க" என்றாள்.

அவன் முகத்தில் இருந்த விளையாட்டு போய்விட்டது. "அவுத்துட்டு? இது யாருக்குக் கட்டுனது தெரியுமில்ல? அம்மா குடுத்தத அம்மா திருப்பி எடுத்துக்கிட்டா நான் எங்க போயி நிக்கிறது? அந்த வராந்தாவுல மறுபடியும் என்னால நிக்க ஏலாது ஷாமி. போ."

அப்போதுதான் ஷாமிளாவுக்குப் புரிந்தது. இவன் தைரியத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. அவளை விட அதிகமாகப் பயந்துபோய்த்தான் உட்கார்ந்திருக்கிறான். அவளுக்கு மலையைக் கண்டு பயம், அவனுக்கு அவளைப் பறிகொடுத்துவிடுவோமோ என்று பயம். பயந்தவனிடம் பனியைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் பேசி என்ன ஆகப்போகிறது. அவள் வெளியே வந்தாள்.

லயத்தில் மருதாயி மூட்டையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள். மகன் வராமல் எழுந்திருக்க அவளுக்கு மனமில்லை. ஓடைப் பாலத்தைத் தாண்டிப் போகிறவர்கள் "வா மருதாயி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் போனார்கள்.

"வர மாட்டேங்குறானா?" என்றாள்.

"மாட்டேங்குறாருங்க மாமி."

"அவங்கப்பன் புத்தி. சொன்னா சொன்னதுதான்." மருதாயி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ஒன்னையத் தூக்கிக் குடுத்துருவோமோன்னு பயந்து நேந்துக்கிட்டான். இப்ப நான் அவனத் தூக்கிக் குடுக்கவா?"

ஷாமிளா சாமிப் படத்துக்கு முன்னால் இருந்த தட்டைப் பார்த்தாள். வீட்டுப் பூசைக்கு வாங்கியதில் மிச்சமாக ஒரு நூல்கண்டும் இரண்டு மஞ்சள் துண்டும் கிடந்தன. தட்டோடு கொண்டுவந்து மாமியார் மடியில் வைத்து, வலது கையை நீட்டினாள்.

"எனக்குக் கட்டி விடுங்க மாமி."

மருதாயி நிமிர்ந்து பார்த்தாள். "நடுவுல கட்டுறதில்ல தாயி. கட்டுனா நீயும் ஓட தாண்ட ஏலாது."

"அதுக்குத்தாங்க."

மருதாயி நூலை இழுத்து மஞ்சளில் தேய்த்தாள். கொழுந்து கிள்ளிக் கறுத்துப்போன விரல்கள், முடிச்சுப் போட முடியாமல் இரண்டு தடவை வழுக்கின. மூன்றாவதில் முடிச்சு விழுந்தது. "மாரியாத்தா, எம் மேல கோவிச்சுக்காத" என்று மெல்லச் சொன்னாள். அது அம்மனுக்குச் சொன்னதா, மருமகளுக்குச் சொன்னதா என்று ஷாமிளாவுக்குத் தெரியவில்லை. மூட்டையைத் தூக்கி மாமியார் தலையில் வைத்து, பாலத்துப் பக்கம் திருப்பி விட்டுவிட்டு, ஷாமிளா மறுபடியும் கோயிலுக்கு நடந்தாள்.

மழை மீண்டும் வலுத்திருந்தது. அவள் கோயிலுக்குள் வந்து, கிருஷ்ணகுமாருக்குப் பக்கத்தில், பின் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். சுவர் சில்லென்று ஈரமாக இருந்தது. அந்தச் சுவருக்குப் பின்னால் மலை. எழுந்து ஓடிவிட வேண்டும் என்று கால் துடித்தது. உட்கார்ந்தே இருந்தாள்.

"நீ போகல?" என்று திரும்பியவன் அவள் கையைப் பார்த்தான். "என்னா இது?"

"ஒங்கம்மா கட்டுனது. இனி நானும் ஓட தாண்ட ஏலாது."

"வெளையாடாத ஷாமி. அவுரு அத."

"நீங்க அவுத்து விடுங்க."

"ஒனக்கு என்னா பைத்தியமா? மேல இருந்து மலை..." என்று கத்தியவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். மற்ற ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். காலையிலிருந்து அந்தக் கோயிலுக்குள் ஒருவரும் அந்த வார்த்தையை அந்த மாதிரிச் சொல்லியிருக்கவில்லை.

"சொல்லுங்க. மேல இருந்து மலை?"

அவன் செம்பில் சுற்றிய பூவைச் சரிசெய்யத் திரும்பினான்.

"நான் பொழைக்கணும்னுதான கட்டுனீங்க" என்றாள் ஷாமிளா. "அது என்னைய எங்க கொண்டாந்து ஒக்கார வச்சிருக்குன்னு பாருங்க."

"அவுத்துட்டு, நாளைக்கு ஒனக்கு ஒன்னு ஆயிருச்சுன்னா?"

"ஆகலாம். ஆகாமயும் போகலாம். எனக்குத் தெரியாதுங்க. மலை வருமான்னும் எனக்குத் தெரியாது. ஒன்னுமே தெரியாது. எனக்குப் பயமா இருக்கு, அவ்வளவுதான்."

சுவருக்குப் பின்னால் ஏதோ உருண்டு வந்து முட்டியது. சின்னக் கல்லாகத்தான் இருக்க வேண்டும். அதன் பின்னால் மணல் சரிகிற மாதிரி ஒரு சரசரப்பு, பிறகு மழைச் சத்தம் மட்டும். விளக்குத் திரி படபடத்து நின்றது. கிருஷ்ணகுமார் அம்மன் முகத்தைப் பார்த்தான், ஷாமிளாவைப் பார்த்தான். அவன் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. பூச்சுற்றிய செம்பைத் தூக்கி, மெதுவாக, சத்தம் வராமல் அம்மனின் காலடியில் வைத்தான். பிறகு காப்புக் கட்டிய கையை மனைவியின் முன்னால் நீட்டினான்.

ஈரத்தில் ஊறிய முடிச்சு இறுகிப் போயிருந்தது. நகம் உள்ளே போகவில்லை. அரிவாள் இல்லையா என்று கேட்க ஷாமிளாவுக்கு வாய் வரவில்லை. அம்மனுக்கு முன்னால் இரும்பு வைத்து அறுக்க அவளுக்கே மனம் ஒப்பவில்லை. குனிந்து பல்லால் கடித்தாள். மஞ்சள் நாக்கில் கசந்தது. நூலின் ஒரு இழை அறுந்தது, இன்னொன்று அறுந்தது. அவன் நாடி அவள் உதட்டில் படபடவென்று அடித்தது. இரண்டு கையாலும் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடித்தாள்.

கடைசி இழை விட்டதும் நிமிர்ந்தாள். அவள் முகத்துக்கு நேரே இன்னொரு கை நீண்டிருந்தது. எலும்பும் நரம்புமாக, விபூதி கரைந்து வழிகிற கை. அதில் மஞ்சள் கயிறு. பூசாரி பெரியண்ணன் அவளைப் பார்க்கவில்லை. அம்மனுக்கு முதுகைக் காட்டி, வாசலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு, கையை அப்படியே நீட்டியபடி நின்றார்.